நாலாவது பூட்டு

ஒரு தக்காளி வாங்குவதற்குப் பத்துத் தக்காளியை அமுக்கிப் பார்க்கிறார்கள். ஒரு ஜோடிச் செருப்பு வாங்கக் கடை முழுக்க நடந்து பார்க்கிறார்கள். வீட்டை அடகு வைக்கிற காகிதம் என்றால் மட்டும் ஒரே கேள்விதான்: "கையெழுத்து எங்கே போடணும்?" எதிரே உட்கார்ந்திருப்பவன் விரலால் இடத்தைக் காட்டுவான். போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்கள். இந்தக் காலத்து ஜனங்களின் லட்சணம் இது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரம் பிடிக்கும். அதனாலேயே இன்றுவரை எந்தக் காகிதமும் என்னை அவசரப்படுத்தியது கிடையாது.

நாற்பத்தைந்து வருஷமாகப் பூட்டு ரிப்பேர் செய்து பிழைக்கிறேன். பூட்டுக்காரர் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தொலைந்த சாவிக்காக என்னிடம் வந்தவர்கள் நாளாவட்டத்தில் தொலைந்த மோதிரம், தொலைந்த பணம், தொலைந்த மாப்பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் வர ஆரம்பித்தார்கள். நானும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். துப்பறிவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எவனையும் நம்பாமல் இருந்தால் போதும்.

என்னோடு கூட வருகிறவர் என் சம்பந்தியம்மா, மருமகளைப் பெற்றவர். மகனும் மருமகளும் வேலை என்று வேறு ஊருக்குப் போய்விட்டதால் மாடியில் அவர், கீழே நான். முப்பது வருஷம் சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர். ஒரு கை மட்டும் நுழைகிற ஓட்டை வழியாகவே உலகத்தைப் பார்த்தவர். அவருடைய வாய் மட்டும் எந்த ஓட்டைக்குள்ளும் அடங்காது.

அன்று காலை பத்து மணிக்கு பேக்கரிக்காரி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை மாவு. என் வேலை மேஜையில் சிதறிக் கிடந்த ஸ்பிரிங்குகளின் மேலேயே மூன்று கடிதங்களை வைத்தாள்.

"ஐயா, இந்த மூணு பேர்ல யாரு நல்லவன்னு பார்த்துச் சொல்லுங்க."

"மூணு பேரும் யாரு?"

"வீட்டு மேல கடன் கொடுக்கறவங்க."

"நல்லவன் இந்த மூணு பேருக்குள்ளதான் இருக்கான்னு உனக்கு யார் சொன்னது?"

"ஆரம்பிச்சுட்டாரு" என்றார் சம்பந்தியம்மா. "நீ உட்காரும்மா. இவர் தன் நிழலையே ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துட்டுத்தான் நடப்பாரு."

விஷயம் இதுதான். அவள் வீட்டு முன்னறைதான் பேக்கரி. மூன்று மாதத்துக்கு முன் மின் அடுப்பு கருகிப் போனது; அதிலிருந்து விறகடுப்பில் கொஞ்சம் பன் சுட்டுச் சமாளிக்கிறாள். வேறொரு பேக்கரி மூடியதில் நல்ல அடுப்பு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள் பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அடுப்பு இல்லையென்றால் பேக்கரி இல்லை. ஊர்ச் சேமிப்புச் சங்கத்தில் வீட்டின் மேல் கடன் கேட்டிருந்தாள். சுவரில் விரிசல் இருக்கிறது, கடன் கிடையாது என்று பதில் வந்துவிட்டது.

"சங்கத்துச் செயலாளர் ரொம்ப வருத்தப்பட்டாரு. வேற யாரு கடன் கொடுப்பாங்கன்னு கேட்டேன். இந்த ஊர்ல மூணே பேர்தான்னு சொல்லி அவரே விலாசம் எழுதிக் கொடுத்தாரு. மூணு பேர்கிட்டயும் போனேன். முத ஆளு வட்டி நூத்துக்கு இருபத்துநாலு. ரெண்டாவது இருபத்தொண்ணு. மூணாவது பதினெட்டுக்கு இறங்கி வந்தாரு. நாலு மணிக்கு மூலப் பத்திரத்தோட வந்தா உடனே பணம்னு சொல்லிருக்காரு."

"வீட்டை வித்துடலாமே?"

அவளைச் சீண்டிப் பார்க்கத்தான் கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"என் தம்பியும் இதேதான் சொன்னான். வித்துட்டு வாடகைக்குப் போன்னு. முடியாதுன்னுட்டேன். அந்த வீட்டு மாடிப்படி கட்டி முடிக்கவே நாலு வருஷம் ஆச்சு ஐயா. வருஷத்துக்கு மூணு படி. எந்தப் படி எந்த வருஷத்துதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். யாருக்கும் விக்கறதுக்கு இல்ல அது."

எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. ஆனால் அதைச் சொல்லவில்லை. சொன்னால் கூலி கேட்க முடியாது.

சம்பந்தியம்மா மூன்று கடிதங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "வட்டில மூணு பேரும் மூணு திசை. ஆனா கடைசி வரிய பாருங்க. ரெண்டு தவணை தவறினா வீடு எங்களுதுன்னு மூணு பேரும் எழுதிருக்காங்க. வீட்டைப் பிடுங்கறதுல மட்டும் என்ன ஒத்துமை!"

"கிளம்புங்க" என்றேன். "மூணு மூஞ்சியையும் பார்த்துட்டு வருவோம். நீ மூணு மணிக்குப் பத்திரத்தோட இங்க வா. நாங்க வர்ற வரைக்கும் அந்தப் பத்திரம் உன் கையை விட்டுப் போகக் கூடாது. உன் புருஷன் கேட்டாலும்."

"அவர் போய் ஆறு வருஷமாச்சுய்யா."

"அப்ப இன்னும் நல்லது."

சம்பந்தியம்மா என் காலை மிதித்தார்.

முதல் ஆபீஸ் கடைத்தெருவில், செருப்புக் கடையின் மாடியில். குறுகலான படி. மேலே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, கழுத்தில் டை கட்டிய ஒருவன். நாங்கள் வீட்டின் மேல் கடன் வாங்க வந்தவர்கள் என்று சொன்னோம்.

"ரெண்டு பேர் பேர்லயும் வீடா? நீங்க இவங்க வீட்டுக்காரரா?"

"இவரா?" என்றார் சம்பந்தியம்மா. "அவ்வளவு பாவம் நான் பண்ணலை. சம்பந்தி."

டைக்காரன் சிரிக்கவில்லை. வட்டி இருபத்துநாலு, இஷ்டமிருந்தால் வாங்கு, இல்லையென்றால் நடையைக் கட்டு என்கிற மாதிரிப் பேசினான். கடன் கொடுக்க உட்கார்ந்திருக்கிறவன் வந்தவர்களை ஏன் விரட்டுகிறான்? அந்த யோசனையோடு வெளியே வந்தேன். வரும்போது கதவைப் பார்த்தேன். நான் எந்த இடத்துக்குப் போனாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் கதவைத்தான் பார்ப்பேன். தொழில் புத்தி. காலையில் திறந்தவன் பூட்டைக் கொண்டியிலேயே தொங்க விட்டிருந்தான். சாவியும் அதிலேயே இருந்தது. சோம்பேறி. பித்தளைப் பூட்டு. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 417 என்று பொறித்திருந்தது.

இரண்டாவது ஆபீஸ் பஸ் நிலையத்துக்குப் பின்னால். அங்கே ஒரு பெண். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினாள். இருபத்தொன்று. விரட்டவில்லை. ஆனால் உட்காரச் சொல்லவும் இல்லை. கொண்டியில் பித்தளைப் பூட்டு, சாவியோடு. திருப்பினேன். 417.

தெருவுக்கு வந்ததும் சம்பந்தியம்மாவின் கையைத் தொட்டு நிறுத்தினேன்.

"ரெண்டு பூட்டுலயும் ஒரே நம்பர்."

"ஒரே கம்பெனிப் பூட்டா இருக்கும். என் வீட்டுக் குடையும் எதிர்வீட்டுக் குடையும் ஒண்ணுதான். அதுக்காக நாங்க ஒரே குடும்பமா?"

"அது கம்பெனி நம்பர் இல்ல. சாவி நம்பர். பூட்டுக்குப் பூட்டு மாறும். மாறாம ஒரே நம்பர் வேணும்னா பெட்டியா வாங்கணும். கிடங்கு வச்சிருக்கறவங்க வாங்குவாங்க. எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி. பெட்டிக்கு நாலு பூட்டு, எட்டு சாவி. உதிரியா விக்க மாட்டாங்க. நானே வித்திருக்கேன்."

சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துச் செருகினார்.

"சரி, மூணாவது ஆளையும் பார்த்துடுவோம்" என்றார்.

மூன்றாவது ஆபீஸ் மில் ரோட்டில். உள்ளே போகும்போதே மணம். யாரோ காலையில் தரையைத் துடைத்து வாசனை தெளித்திருக்கிறார்கள். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலியில் மெத்தை போட்டார். சோடா வரவழைத்தார். பதினெட்டுதான் என்றார். "மத்த ரெண்டு இடத்துக்கும் போயிட்டுத்தானே வர்றீங்க? தெரியும். போயிட்டு வந்தவங்கதான் நம்ம அருமை தெரிஞ்சவங்க." சம்பந்தியம்மா அவரைப் பெற்ற பிள்ளை மாதிரிப் புகழ்ந்தார். எனக்கே கூச்சமாக இருந்தது. நான் கதவுப் பக்கம் போய்ப் பூட்டைத் திருப்பினேன். மறுபடியும் 417.

வெளியே வந்து மூலை திரும்பியதும் சம்பந்தியம்மா உள்ளங்கையை விரித்தார். ஒரு சாவி.

"இது ஏது?"

"மேஜை மேல கிடந்துச்சு. அந்த வழுக்கை சோடா மூடியத் தேடிக் குனிஞ்சாரு. நான் நிமிர்ந்தேன். முப்பது வருஷம் கை வேலைதான சம்பந்தி, மறந்துபோகுமா?"

"இது திருட்டு."

"இரவல். நீங்க நம்பர், பெட்டின்னு சொல்லுவீங்க, நான் நம்பணுமாக்கும்? உங்களுக்கு மட்டும்தான் யாரையும் நம்ப மாட்டேங்கற உரிமை இருக்கா? போட்டுக் காட்டுங்க."

மணி ஒன்றரை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஆபீஸைச் சாப்பாட்டுக்காகப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மில் ரோட்டுச் சாவியைப் பஸ் நிலையப் பூட்டுக்குள் விட்டேன். வெண்ணெயில் கத்தி போன மாதிரி திரும்பியது. பூட்டு வாயைப் பிளந்தது. நான் உள்ளே போகவில்லை. மறுபடி பூட்டிவிட்டேன். பூட்டைத் திறந்து பூட்டுவது என் தொழில். அதில் எந்தக் குற்றமும் இல்லை.

"மூணு கடையும் ஒருத்தனுது" என்றேன். "ஆனா ஒண்ணு புரியல. ஒருத்தனுக்கு எதுக்கு மூணு கடை?"

சம்பந்தியம்மா சிரித்தார். சிரிப்பில் கோபம் இருந்தது.

"இது உங்களுக்குப் புரியாது சம்பந்தி. எனக்குப் புரியும். புதுப் படம் வர்ற அன்னிக்கு எங்க தியேட்டர் வாசல்ல மூணு பேர் நிப்பாங்க. பத்துக்கு விக்கற டிக்கெட்டை ஒருத்தன் ஐம்பதும்பான், மொறைப்பான். அடுத்தவன் நாப்பதும்பான். மூணாவது ஆளு, 'உங்களுக்காக முப்பதுக்குத் தர்றேன்'னு சிரிச்சுக்கிட்டே நீட்டுவான். வாங்கறவன் இருபது மிச்சம்னு குதிச்சுக்கிட்டு உள்ள போவான். மூணு பேருக்கும் டிக்கெட் கொடுத்தனுப்பறவன் ஒரே ஆளு. எதிர்க் கடையில உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருப்பான்."

"அப்ப டைக்காரன் விரட்டினது..."

"வழுக்கைத் தலைகிட்ட நம்மளத் தள்ளிவிடறதுக்கு. சோடா வாங்கிக் கொடுத்தா கடவுள் மாதிரித் தெரியும்ல?"

கதவைப் பெயர்த்துத் திருடுகிற திருடனை எனக்குத் தெரியும். அவனிடம்கூட ஒரு நேர்மை இருக்கிறது, திருட வந்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். இவன் வாசலில் மெத்தை போட்டு உட்கார வைத்துத் திருடுகிறான்.

"நாலாவது பூட்டு எங்க?" என்றேன். "அது எங்க தொங்குதோ, டீ குடிக்கிற ஆளு அங்கதான் இருக்கான்."

மூன்று மணிக்கு பேக்கரிக்காரி பத்திரத்தோடு வந்தாள். துணிப்பை, அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் பத்திரம். சொன்னோம். அவள் அழவில்லை. பையை நெஞ்சோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு மணி நேரந்தான் இருக்கு. செயலாளர்கிட்டப் போய்ச் சொல்லுவோம். விலாசம் கொடுத்த பாவத்துக்கு அவர் பேரும்ல கெட்டுப் போகும்."

"அவரையும் நான் நம்பல" என்றேன்.

"ஐயா, நீங்க யாரைத்தான் நம்புவீங்க?"

"அதுக்கு அவர்கிட்ட பதில் இல்லம்மா. வா, போகலாம்" என்றார் சம்பந்தியம்மா.

சேமிப்புச் சங்கம் பழைய கட்டடம். மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் காசாளர் அம்மாள். இந்தப் பக்கம் வரிசையில் ஏழெட்டுப் பேர். மூலையில் செயலாளரின் மேஜை, அதன் பின்னால் ஆளுயர இரும்பு அலமாரி. செயலாளர் மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டி நெஞ்சில் தொங்க விட்டிருந்தார். பேக்கரிக்காரியைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"வா தங்கச்சி. பணம் கிடைச்சுதா?"

நான் மூன்று கடையும் ஒன்று என்று மட்டும் சொன்னேன். எப்படித் தெரிந்தது என்று சொல்லவில்லை. பூட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. செயலாளர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அடப் பாவிகளா! என் கையால விலாசம் எழுதிக் கொடுத்தேனே! தங்கச்சி, இனி அவங்க பக்கமே போகாத. நான் போலீசுக்கு எழுதறேன். பத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டுத் தெருவுல அலையாத. ஆள் விட்டுப் பிடுங்கினாலும் பிடுங்குவானுங்க. இப்படிக் கொடு. ரெண்டு நாளைக்கு நம்ம அலமாரில இருக்கட்டும்."

நன்றாகத்தான் பேசினார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பேக்கரிக்காரியின் கை பைக்குள் போயிற்று.

நான் அலமாரியைப் பார்த்தேன். அதன் சொந்தப் பூட்டு என்றைக்கோ கெட்டுப்போய், கதவில் கொண்டி வைத்துப் பற்ற வைத்திருந்தார்கள். கொண்டியில் ஒரு பித்தளைப் பூட்டு. நின்ற இடத்திலிருந்து அடிப்பக்கம் தெரியவில்லை. கைக்குட்டையைக் கீழே போட்டேன். எடுப்பதற்காக மண்டி போட்டேன். இரண்டு முழங்காலும் பட்டாசு மாதிரிச் சத்தம் போட்டன. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தேன்.

நாலு. ஒன்று. ஏழு.

எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. எழுந்தேன்.

"பத்திரத்தை உள்ள வை" என்றேன் பேக்கரிக்காரியிடம். "சம்பந்தியம்மா, அந்த இரவல் சாவியக் கொடுங்க."

சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். சாவி என் கைக்கு வந்தது. நான் அதைச் செயலாளரின் மூக்குக்கு நேராகப் பிடித்தேன்.

"ஐயா, இது மில் ரோட்டுக் கடன்காரர் கடைச் சாவி. உங்க அலமாரிக்குச் சேருதான்னு ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?"

செயலாளரின் கண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. குழாயை மூடியது போல.

"என்ன விளையாட்டு இது? இது சங்கத்துச் சொத்து. கண்டவன் வந்து கை வைக்க முடியாது. முதல்ல வெளிய போங்க."

"சேராத சாவின்னா உங்களுக்கென்ன பயம்? சேரலைன்னா நான் வெளிய போயிடறேன். என் கடையையும் மூடிடறேன்."

"நீ யாருய்யா? நீ சங்கத்துல உறுப்பினர்கூடக் கிடையாது!"

அது உண்மை. நான் எந்தச் சங்கத்திலும் சேர்ந்தது கிடையாது. சாவியைத் தாழ்த்தினேன். அப்போது பேக்கரிக்காரி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் உறுப்பினர். பன்னண்டு வருஷமா மாசாமாசம் கட்டறேன். அந்த அலமாரில என் காசும் இருக்கு. நான் சொல்றேன். திறங்க ஐயா."

"தங்கச்சி..."

"நான் யாருக்கும் தங்கச்சி இல்ல. எனக்கு ஒரு தம்பிதான். அவனே நான் சொன்னாக் கேக்கணும். திறங்க."

வரிசையில் இருந்தவர்கள் வரிசையை விட்டுவிட்டு மேஜையைச் சுற்றி வந்தார்கள். காசாளர் அம்மாள் எழுந்து நின்றார். "திறக்கட்டுமே சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த 'சார்' வேறு மாதிரி இருந்தது.

சாவியை விட்டேன். திருப்பினேன். அவ்வளவு கூட்டத்திலும் அந்தச் சின்னச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மேல்தட்டில் மூன்று கட்டு வெற்றுத் தாள். செருப்புக் கடை மாடி, பஸ் நிலையம், மில் ரோடு. மூன்று கடைகளின் பெயரும் அச்சடித்த தாள்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தன. கீழ்த்தட்டில் நூல் போட்டுக் கட்டிய விண்ணப்பங்கள். காசாளர் அம்மாள் கட்டை அவிழ்த்து மேலே இருந்ததை எடுத்தார். பேக்கரிக்காரியுடையதுதான்.

"படிங்க" என்றேன். "சத்தமாப் படிங்க. அவசரமில்லை."

அவர் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது.

"வீடு நேர்ல பார்வையிடப்பட்டது. சுவர்கள் உறுதியா இருக்கு. கேட்ட தொகை முழுசும் கொடுக்கலாம்னு குழு முடிவு பண்ணிருக்கு. வட்டி நூத்துக்கு ஒன்பது. தலைவர் கையெழுத்து. சீல்." நிறுத்தினார். "தேதி ரெண்டு மாசத்துக்கு முன்னாடி."

பேக்கரிக்காரி அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"ரெண்டு மாசமா என் கடன் இதுக்குள்ளயா இருந்துச்சு?" என்றாள். "விரிசல் இருக்குன்னு சொன்னீங்களே. ராத்திரியெல்லாம் விளக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சுவரைத் தடவித் தடவித் தேடினேனே. சுவரைத் தேடறதை விட்டுட்டு உங்களைத் தேடியிருக்கணும்."

"என்னுது இருக்கா பாருங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க அண்ணனுது?" என்றது இன்னொன்று. மொத்தம் பதினொரு விண்ணப்பம். பதினொன்றுக்கும் குழு சரி சொல்லியிருந்தது. பதினொன்றுக்கும் இல்லை என்று இவர் பதில் போட்டிருந்தார்.

செயலாளர் சத்தமில்லாமல் வாசல் பக்கம் நகர்ந்தார். அங்கே சம்பந்தியம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வழியை அடைத்து உட்கார்ந்திருந்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க? படம் முடியற வரைக்கும் யாரையும் வெளிய விடறதில்ல. சோடா வேணுமா?"

சங்கத் தலைவரை வரவழைத்தார்கள். மருந்துக் கடைக்காரர், வெள்ளை மீசை, நிதானமான மனிதர். போலீசுக்கு அவரே போன் செய்தார். ஆள் அனுப்பி மற்ற கடைகளின் பூட்டுகளைச் சாவியோடு எடுத்துவரச் செய்தார். செருப்புக் கடை மாடியில் டைக்காரன் டையைக்கூட விட்டுவிட்டு ஓடியிருந்தானாம். நாலரை மணிக்கு பேக்கரிக்காரியின் கடனுக்குக் காகிதம் தயார். தலைவர் விரலால் ஒரு இடத்தைக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்தும்மா" என்றார்.

"இருங்க. படிச்சுட்டுப் போடறேன்."

"ஐஞ்சு மணிக்குள்ள அடுப்புக்குப் பணம் கட்டணும்னு சொன்னியே?"

"இருக்கட்டும். படிக்கணும்."

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்காமல் சொன்னாள்:

"பத்திரத்தை நான் கொடுக்கறேன். கொடுத்ததுக்கு ரசீது வேணும். அலமாரிக்கு ரெண்டு பூட்டுப் போடணும். ஒரு சாவி சங்கத்துகிட்ட இருக்கட்டும். இன்னொண்ணு எங்க பதினொரு பேர்கிட்ட இருக்கட்டும். ரெண்டும் சேர்ந்தாத்தான் திறக்கணும்."

"சங்கத்துல அப்படி வழக்கம் இல்லையேம்மா."

"இல்லாத வழக்கத்தாலதான் சார் இன்னிக்கு இங்க இவ்வளவு கூட்டம்."

தலைவர் மீசையைத் தடவினார். சரி என்றார். நான் பையிலிருந்து இரண்டு புதுப் பூட்டை எடுத்துப் போட்டேன். வேறு வேறு நம்பர். விலை சொன்னேன். தலைவர் சும்மா கொடுப்பேன் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. நான் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை. ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பேக்கரிக்காரி பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். ஓடுகிறவள் நடுவில் திரும்பி என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள்.

"இப்பவாவது நம்பறீங்களா பெரியவரே?" என்று தலைவர் என் தோளில் கை வைத்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கறுப்பு ஆடு ஒண்ணு இருந்துச்சு, பிடிச்சாச்சு. நீங்களும் சங்கத்துல ஒரு கணக்கு ஆரம்பிங்களேன்."

நான் மேஜை மேல் கிடந்த சாவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயலாளர் பையிலிருந்து எடுத்தது ஒன்று. அவருடைய இழுப்பறையில் கம்பி வளையத்தில் கோத்து வைத்திருந்தது மூன்று. கடைகளிலிருந்து வந்தவை இரண்டு. சம்பந்தியம்மாவின் இரவல் ஒன்று.

"ஏழு" என்றேன். "பெட்டியில எட்டு இருக்கும்."

"எங்கயாவது தொலைஞ்சிருக்கும்" என்றார் தலைவர். உடனே சொன்னார்.

"பதினொரு பேருக்குக் கடன் கொடுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஒருத்தருக்கும் பணம் போகலை. ரெண்டு மாசமா ஒரு தடவைகூடவா கேக்கத் தோணலை?"

"செயலாளரை நம்பினேன் பெரியவரே. அதுதான் நான் பண்ண தப்பு."

கையை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டார். நான் அந்த நாலாவது பூட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

தெருவில் சம்பந்தியம்மா என்னை எட்டிப் பிடித்தார். பிறகு ஆரம்பித்தார்.

"அந்த ஆளு மூஞ்சியப் பார்த்தா பாவமா இருந்துச்சு சம்பந்தி. நிஜமாவே தொலைஞ்சிருக்கலாம்ல?"

"தொலைஞ்ச சாவியத் தேடிக் கொடுத்தே நாற்பத்தைஞ்சு வருஷம் சோறு தின்னவன் நான்" என்றேன். "தொலைச்சவன் பையத் தடவிப் பார்ப்பான், கீழ பார்ப்பான். இவர் எதையும் பார்க்கல. அந்தச் சாவி எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும்."

"அப்ப திரும்பிப் போவமா?"

"இன்னிக்கு வேணாம். அவர் நிம்மதியாத் தூங்கட்டும். நான் தூங்கப் போறதில்ல."

பையிலிருந்த பூட்டு நடக்க நடக்க நெஞ்சில் இடித்தது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.